நானோ நேகிள் அம்மையார்

ஒரு பெண்கள் வித்தியாசாலையின் சிறப்பை எதைக்கொண்டு மதிப்பது? ஆண்டு விழாவிலே பரீட்சையில் தேறினோர் தொகை வாசிக்கப்படுகின்றது; பரிசில் பெற்ற மாணவியர் மேடையேறுகின்றனர்; பெற்றோர் மனமகிழ்ந்து கரகோஷம் செய்கின்றனர். இவை யாவும் தக்கனவே. ஆயினும், மாணவி ஒருத்தி தான் பெற்ற கல்வியைத் தன்னளவில் வைத்துக்கொண்டாளா, அன்றித் தன் பக்கத்திலிருப்பவளுக்கும் பகிர்ந்தளித்தாளா என்னும் வினாவுக்கு விடை கண்ட பின்னரே அவ்வித்தியாசாலையின் உண்மைப் பெருமை விளங்கும் என்பது நம் துணிபு. இவ்வினாவைத் தம் பள்ளிச் சிறுமியர்முன் வைத்து, அதற்கு விடையாகத் தம் வாழ்நாள் முழுவதையும் ஈந்த உத்தமி ஒருவரின் சரித்திரத்தை இங்கே சுருக்கி வரைகின்றோம். அவர் அயர்லாந்து தேசத்துக் கார்க் நகரில் ஏழைச் சிறுமியருக்குப் பள்ளி கண்டவரும், நம் நாட்டிலும் பிரசன்டேஷன் சபையென வழங்கும் தேவமாதா காணிக்கைச் சபையின் ஆதி ஸ்தாபகியுமாகிய நானோ நேகிள் அம்மையார்.

அம்மையார் 1718-ம் வருஷம் கார்க் மாகாணத்தில் மாலோ என்னும் ஊருக்கு அணித்தான பாலிகிரிபின் என்ற இடத்திலே பிறந்தார். தந்தையார் பெயர் காரெட் நேகிள். தாயார் ஆன் மாத்யூ. இருவரும் பழமையான கத்தோலிக்கக் குடியினர், செல்வத்திற் குறைவில்லாதவர். குழந்தைக்கு ஒனோரா என ஞானஸ்நானப் பெயர் இடப்பட்டது, வீட்டார் அருமையாக நானோ என்றழைத்தனர், அப்பெயரே நிலைத்தது. ஆங்கிலப் பார்லிமெண்டில் நாவன்மையாற் புகழ்பெற்ற எட்மண்டு பர்க் என்பவரின் தாயாரும் இந்த நேகிள் குலத்தினரே.

செல்வம் இருந்ததேயன்றி, அக்குடும்பத்தாருக்குச் சுதந்தரம் இருந்ததில்லை. அக்காலத்தில் அயர்லாந்தில் வழங்கிய தண்டனைச் சட்டங்கள் கத்தோலிக்கரை எல்லா வகையிலும் ஒடுக்கின. அவர்கள் பார்லிமெண்டில் அமரலாகாது. நிலம் விலைக்கு வாங்கலாகாது. 1695-ம் வருஷத்துச் சட்டம், கத்தோலிக்கர் பள்ளிக்கூடம் நடத்துவதையும், தம் மக்களைக் கல்விக்காக அந்நிய தேசங்களுக்கு அனுப்புவதையும் குற்றமாக்கிற்று. 1709-ம் வருஷத்துச் சட்டமோ, இரகசியமாய்ப் பாடஞ் சொல்லும் கத்தோலிக்க உபாத்தியாயரைக் காட்டிக்கொடுப்போருக்குப் பத்துப் பவுன் வெகுமதி தருவதாக விளம்பிற்று. கல்வி கற்பித்தவரைப் பிடித்துத் தருவதற்குப் பரிசு! நாம் இன்று பள்ளி மணியோசை கேட்டுச் சோம்பலோடு எழுந்து செல்லுகின்றோமே, அம்மணியோசையைக் கேட்கவும் ஒரு தேசத்து ஏழை மக்கள் உரிமையற்றிருந்த காலமது.

செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வழி இருந்தது. மறைவாகக் கப்பலேறிப் பிரான்சு தேசம் சென்று கற்பதே அது. நானோவும் அவ்வாறே அனுப்பப்பட்டுப் பாரிஸ் மாநகரில் கல்வி பயின்றார். கல்வி முடிந்த பின்னரும் சில காலம் அங்கேயே உறவினரோடு தங்கி, விருந்தும் நடனமும் களியாட்டமுமாக நாட்களைக் கழித்தார். ஒருநாள் இரவெல்லாம் நடந்த விருந்தொன்றிலிருந்து விடியற்காலையில் வண்டியேறித் திரும்பும்போது, கோவில் வாயிலிலே கந்தை தரித்த ஏழைகள் சிலர் முதற்பூசை காண்பதற்காகக் கதவு திறக்கக் காத்துநின்றதைக் கண்டனராம். உழைத்துப் பிழைப்போர் நாளைத் தொடங்கும் அந்நேரத்திலே தாம் களித்துக் களைத்து உறங்கப் போவதை நினைந்து அவர் உள்ளம் நாணிற்று என்று அவர் சரித்திரம் எழுதினோர் கூறுவர்.

1746-ம் வருஷம் தந்தையார் காலமானார். நானோ தாய்நாடு திரும்பி, டப்ளின் நகரிலே தாயாரோடும் தங்கை ஆன் என்பவரோடும் வசிக்கலானார். அங்கே நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று அவர் வாழ்வைத் திருப்பிவிட்டது. பாரிஸிலிருந்து தாம் கொண்டுவந்த உயர்ந்த பட்டுத்துணியை எடுத்து ஆடை தைப்பிக்கக் கருதி, அதைத் தங்கையிடம் கேட்டார். தங்கையோ அதனை முன்னமே விற்று, அப்பணத்தை வறுமையால் வாடிய குடும்பமொன்றுக்குக் கொடுத்துவிட்டதாக விடையிறுத்தார். சின்னாட்களில் அத்தங்கை இறந்தார். தாயாரும் இவ்வுலக வாழ்வை நீத்தார். பட்டைவிட மனிதரை மேலாக மதித்த தங்கையின் செய்கை நானோவின் மனத்தை விட்டு அகலவில்லை.

பின்னர் அவர் கார்க் நாட்டிலிருந்த சகோதரர் இல்லம் சென்றார். ஏழைக் குடியானவரின் மக்கள் எழுத்தறிவும் ஞானவறிவும் இன்றி வளர்வதைக் கண்டு வருந்தினார். சட்டம் கைகளைக் கட்டியிருக்கையில் தனித்த பெண்ணொருத்தியால் யாது செய்யக்கூடும் எனத் தளர்ந்து, மீண்டும் பிரான்சு சென்று கன்னியர் மடம் புகுந்து, அவர்களுக்காக வேண்டுதல் செய்வதே தகுதியென எண்ணினார். ஆனால் மடத்தின் அமைதி அவருக்கு அமைதி தரவில்லை. அயர்லாந்துச் சிறுவர் முகங்கள் அவர் கண்முன் நின்றன. ஆன்மகுருவிடம் தம் நிலையை விண்ணப்பிக்க, அவர் தாய்நாட்டுக்குத் திரும்பி அவ்வேழைகளுக்கு ஊழியஞ் செய்வதே தேவசித்தமென அறிவுறுத்தினார். அம்மையார் திரும்பினார்.

கார்க் நகரம் லீ நதிக்கரையிலுள்ள துறைமுகப் பட்டணம். வெண்ணெயும், உப்பிட்ட மாட்டிறைச்சியும் அங்கிருந்து கடல் கடந்து சென்றன, வணிகர் செழித்தனர். ஆனால் பண்டசாலைகளின் பின்புறத்திலிருந்த இருண்ட சந்துகளிலோ பட்டினியும் அறியாமையும் குடியிருந்தன. 1754-ம் வருஷத்தையொட்டி, நகரின் தென்பக்கத்தில் கோவ் லேன் என்ற சந்திலே சிறு குடிசையொன்றை வாடகைக்கு எடுத்து, உபாத்தினி ஒருவரை அமர்த்தி, ஏறக்குறைய முப்பது ஏழைச் சிறுமியரைச் சேர்த்து, அம்மையார் தம் முதற் பள்ளியைத் தொடங்கினார். கட்டடமில்லை, பெயர்ப்பலகையில்லை, திறப்பு விழா இல்லை. வெளியே தெரிந்தால் அபராதமும் சிறைவாசமும் வரும் என்ற அச்சமே அதற்கு வாயிற்காவல்.

அவர் சகோதரர் ஜோசப் வீட்டிலே வசித்து வந்தார். அவர்களுக்கும் இச்செய்தியைக் கூறினாரல்லர். காலையில் அவர் வெளியே செல்வதைக் கண்டோர் கோவிலுக்குச் செல்வதாகவே எண்ணியிருந்தனர். ஒருநாள் ஏழை மனிதன் ஒருவன் சகோதரரிடம் வந்து, தன் குழந்தையை நேகிள் அம்மையாரின் பள்ளியிலே சேர்த்துக்கொள்ளும்படி சிபாரிசு செய்ய வேண்டுமென்று கெஞ்சினான். பள்ளியா, எங்கே பள்ளி எனச் சகோதரர் திகைத்தார், உண்மை வெளிப்பட்டது. அவருக்கு வந்த கோபம் அளவற்றது. குடும்பச் சொத்து முழுவதையும் பறிகொடுக்க நேருமென அவர் அஞ்சியது வீணச்சமன்று. அவருடைய சிற்றப்பனாரும், தம்முடைய செல்வாக்கால் பகைவர் கண்ணை ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருந்தவருமாகிய மற்றொரு ஜோசப் நேகிள் இதனை அறிந்தபோதும் வருத்தமே கொண்டார். அம்மையார் அவர்களோடு வாதாடினாரல்லர், பள்ளியை மூடவுமில்லை. நாளடைவில் இருவரும் மனமிளகினர். சகோதரர் துணைநின்றார், சிற்றப்பனார் இறக்கும்போது தம் பெருஞ்செல்வத்தில் ஒரு பங்கை அம்மையாருக்கே விட்டுச்சென்றார். ஒரு பெண்ணின் உறுதிமுன் குடும்பத்தின் அச்சம் பணிந்தது.

முதற் பள்ளி தொடங்கிய ஒன்பது மாதங்களுக்குள் சிறுமியர் தொகை இருநூறாயிற்று. 1769-ம் வருஷத்திலோ நகரின் பல பகுதிகளிலும் பெண்பாலருக்கு ஐந்தும் ஆண்பாலருக்கு இரண்டுமாக ஏழு பள்ளிகள் நடைபெற்றன. சிறுவர் வாசிக்கவும் எழுதவும் கணக்குப் போடவும் கற்றனர். சிறுமியர் வாசிப்புக் கற்று, ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்த பின்னர், எழுத்தும் தையல் முதலிய கைவேலையும் பயின்றனர். நாள்தோறும் பூசை காண்பதும், காலை மாலைச் செபங்களும் ஒழுங்காக நடந்தன. அம்மையார் தாமே ஏதேனும் ஒரு பள்ளிக்குத் தினமும் சென்று ஞானோபதேசத்தை விளக்கிக் கூறுவார். ஆண்டுக்கு இருமுறை ஒரு தொகுதிப் பிள்ளைகளைப் புதுநன்மை வாங்குதற்கு ஆயத்தஞ் செய்வார். சட்டம் ஒளித்துவைத்த விளக்கு ஏழு சந்துகளில் எரியலாயிற்று.

இவ்விடத்தில் அம்மையாரின் கல்விக் கொள்கையில் யாம் மிக முக்கியமெனக் கருதும் ஒன்றை உரைக்க விரும்புகின்றோம். அவர் தம் பிள்ளைகளைக் கற்பவராக மாத்திரம் வளர்த்தாரல்லர். பிறருக்குக் கற்பிப்பதில் விருப்பமுள்ளவராகவும் வளர்த்தார். ஏழைகளுக்கு அறிவூட்டுவதில் செல்வரைக் காட்டிலும் ஏழைகளே அதிகம் பயன்படக்கூடும் என்பது அவர் நம்பிக்கை. இதனை 1769-ம் வருஷம் தாம் எழுதிய கடிதமொன்றிலே தெளிவாகக் குறித்திருக்கின்றார். மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்லவிருந்த சிறுவர் சிலர், அங்கே அடிமைகளாய் வருந்திய கறுப்பினச் சிறார்க்குத் தாம் கற்றதைப் போதிப்பதாக அவரிடம் வாக்களித்ததையும் அதிலே மகிழ்ச்சியோடு தெரிவிக்கின்றார். எண்ணிப் பார்மின்! நேற்றுவரை எழுத்தறியாதிருந்த சந்துப் பிள்ளை, தன்னினும் தாழ்ந்த நிலையிலுள்ள பிள்ளைக்கு இன்று ஆசிரியனாகத் துணிகின்றான். அவனுக்கு வெள்ளிப் பதக்கமில்லை, சான்றிதழுமில்லை. ஆயினும் மாணவர் அடையக்கூடிய வெற்றியில் இதனினும் உயர்ந்ததை யாம் அறியோம். பள்ளியில் ஒற்றுமையுணர்ச்சி என்பது ஒரே நிற ஆடை தரிப்பதிலும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடுவதிலும் முடிவதன்று. கடைசி வரிசையிலிருப்பவளை விட்டுவிட்டு முன்செல்ல மனம் ஒவ்வாமையே அது.

ஏழு பள்ளிகளை நடத்தப் பணம் வேண்டுமன்றோ? அம்மையார் தம் செல்வத்தை நீர்போல் இறைத்தார். அது போதாதபோது வீடு வீடாகவும் கடை கடையாகவும் சென்று இரந்தார். உயர்குடியிற் பிறந்து பாரிஸ் விருந்துகளிலே பட்டுடுத்தியிருந்தவர், கார்க் நகரத் தெருக்களில் எளிய உடையோடு கையேந்தி நின்றார். மனமுவந்து கொடுத்தோரும் உண்டு. ஏமாற்றுக்காரியென இகழ்ந்தோரும் உண்டு. அவ்விகழ்ச்சியைப் பொறுமையோடு ஏற்றார். பகலெல்லாம் பள்ளிகளில் உழைத்துவிட்டு, இரவிலே கைவிளக்கொன்றை ஏந்திச் சந்துகளிற் புகுந்து, நோயாளரையும் முதியோரையும் கண்டு ஆறுதல் கூறி வருவார். அதனாற் பிற்காலத்தார் அவரை விளக்கேந்திய மாதரசி என்று வழங்கலாயினர். கிரீமிய யுத்தத்தில் விளக்கேந்திச் சென்ற நைட்டிங்கேல் அம்மையாரை நாம் அறிவோம். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே கார்க் நகரின் இருளில் இவ்விளக்கு உலாவிற்று.

தமக்குப் பின் இப்பள்ளிகள் என்னாகும் என்னும் கவலை அம்மையாரை வாட்டிற்று. ஒருவர் கையில் நிற்கும் பணி அவரோடு மடியும். பலர் கூடி நடத்தும் பணியே நிலைக்கும். ஆதலின் கல்வித் தொண்டிற் பெயர்பெற்ற உர்சுலா சபைக் கன்னியரைக் கார்க் நகருக்கு வருவிக்கத் தீர்மானித்தார். ஐரிஷ் மங்கையர் சிலர் பாரிஸில் அச்சபையிற் பயிற்சி பெற்றனர். அம்மையார் தம் பணத்தால் அவர்களுக்கு மடம் கட்டுவித்தார். 1771-ம் வருஷம் அவர்கள் வந்து சேர்ந்தனர். ஆனால் ஒரு பெரும் ஏமாற்றம் காத்திருந்தது. உர்சுலா சபையின் ஒழுங்குப்படி கன்னியர் மடத்து மதிலைக் கடந்து வெளிச்செல்லலாகாது. ஆகவே மடத்தை நாடி வரும் சிறுமியருக்கு, பெரும்பாலும் வசதியுள்ள குடும்பத்தாருக்கு, அவர்கள் சிறந்த கல்வி அளித்தனரேயன்றி, சந்துகளிலிருந்த பள்ளிகளுக்குச் செல்ல அவர்களால் இயலவில்லை. தம் செல்வமெல்லாம் செலவிட்டுக் கட்டிய மடம், தாம் தேடிய ஏழைச் சிறுமியருக்கு எட்டாதிருந்தது. வேறொருவராயின் மனமுடைந்திருப்பர், அல்லது அக்கன்னியரைக் குறைகூறியிருப்பர். அம்மையார் இரண்டும் செய்யவில்லை. அவர்களோடு இறுதிவரை நட்புப் பூண்டு, உதவியும் செய்துவந்தார். எனினும் தம் நோக்கத்தை மறந்தாரல்லர்.

1775-ம் வருஷம் டிசம்பர் மாதம் 24-ந் தேதி, கிறிஸ்து ஜயந்திக்கு முந்தின நாளன்று, தோழியர் மூவரைத் துணைக்கொண்டு புதிய சபையொன்றை ஆரம்பித்தார். இயேசுவின் திரு இருதய தர்மோபதேசச் சகோதரிகள் என்பது அதன் கருத்துள்ள பெயர். இச்சகோதரிகள் மதிலுக்குள் அடைபடாமல், ஏழைகள் இருக்குமிடத்துக்கு நடந்து செல்லுதல் வேண்டும் என்பதே அம்மையார் வகுத்த வழி. அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்தேழு. பிறர் ஓய்வை நாடும் பருவத்தில் அவர் புதுத்தொடக்கம் செய்தார்.

எதிர்ப்பு இம்முறை அரசாங்கத்திடமிருந்து வரவில்லை, நண்பரிடமிருந்தே வந்தது. உர்சுலா மடத்தை நிறுவுவதிலே பெருந்துணையாயிருந்த பிரான்சிஸ் மோய்லன் என்னும் பெரியார், அம்மடத்துக்கு அருகிலேயே மற்றொரு மடம் எழுந்தால் முன்னதற்குக் கேடு விளையுமென அஞ்சி, கட்டத் தொடங்கிய வீட்டை இடித்துவிடச் செய்வதாகக் கடுத்துரைத்தாராம். அம்மையார் அமைதியோடு, தம்மை அங்கிருந்து அகற்றத் திருவுளமாயின், தாம் கார்க் நகரையே விட்டு, ஆதரவு கிடைக்கும் வேறோர் ஊருக்குச் சென்று அப்பணியை நடத்துவதாக விடை பகர்ந்தார். அச்சாந்தமான உறுதியின்முன் எதிர்ப்பு அடங்கிற்று. 1777-ம் வருஷம் ஜூலையில், பிறர் கண்ணிற்படாதவாறு விடியுமுன்னரே, அம்மையாரும் தோழியரும் புதிய வீட்டிற் குடிபுகுந்தனர். அவ்வாண்டு கிறிஸ்து ஜயந்தியன்று ஐம்பது பிச்சைக்காரரை அழைத்து விருந்திட்டு, அம்மையார் தாமே பரிமாறினார். பெரியோரை அழைத்து விழாக் கொண்டாடாமல், தெருவோரத்தாரை அழைத்து அவ்வீட்டைத் திறந்துவைத்தார் என்றே இதனைக் கொள்ளலாம்.

1782-ம் வருஷத்திலே சட்டம் சிறிது தளர்ந்தது. அனுமதி பெற்றுக் கத்தோலிக்கரும் பள்ளி நடத்தலாமென ஏற்பட்டது. எனில், ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகள் அம்மையாரின் பள்ளிகள் சட்டத்தின் கோபத்துக்கு இலக்காகவே நடந்தன என்பது பெறப்படும். அடுத்த ஆண்டு முதிய மாதருக்கென ஒரு தர்ம விடுதியும் அமைத்தார். ஆனால் நீண்ட உழைப்பும் உபவாசமும் உடலை அரித்துவிட்டன. நெஞ்சுநோய் கண்டும் மழையையும் குளிரையும் பொருட்படுத்தாது பள்ளிகளுக்கு நடந்துகொண்டேயிருந்தார். முடிவில் படுக்கையில் வீழ்ந்து, தம்மைச் சூழ்ந்துநின்ற சகோதரிகளை நோக்கி, இதுகாறும் இருந்தவாறே ஒருவரையொருவர் நேசித்திருக்குமாறு கூறி, 1784-ம் வருஷம் ஏப்பிரல் மாதம் 26-ந் தேதி உயிர்நீத்தார். பொருளையோ கட்டடத்தையோ பற்றியன்று, ஒற்றுமையைப் பற்றியே அவர் இறுதியுரை இருந்தது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

அவர் இறந்தபோது சபையில் இருந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. கண்டோர் அது அணைந்துவிடும் என்றே கருதியிருப்பர். ஆனால் 1791-ல் ஆறாம் பத்திநாதர் பாப்பரசர் அதற்கு அங்கீகாரம் அளித்தார். 1805-ல் ஏழாம் பத்திநாதர் பாப்பரசர் சபையொழுங்கை உறுதிப்படுத்தியபோது, தேவமாதா காணிக்கைச் சபையென அது விளங்கிற்று. அவ்வொழுங்கு கன்னியரை மீண்டும் மதிலுக்குள் நிறுத்தியது உண்மையே. தெருவில் நடந்த அம்மையாரின் வழி நெடுங்காலம் தடைப்பட்டிருந்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் மீண்டும் திறந்தது. ஆயினும் மதிலுக்குள் இருந்த காலத்திலும் பள்ளிக் கதவு ஏழைச் சிறுமியருக்கு மூடப்படவில்லை. அம்மையாரின் முன்மாதிரியைக் கண்ட எட்மண்டு ரைஸ் என்னும் வணிகர், வாட்டர்போர்டு நகரிலே ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி தொடங்கி, ஆண்பாலருக்கான போதகச் சகோதரர் சபைகளுக்கு மூலபுருஷரானார்.

1833-ல் காணிக்கைச் சபைக் கன்னியர் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து நியூபவுண்ட்லாந்து சென்றனர். 1842-ம் வருஷத்திலோ அச்சபையின் சிறு குழுவொன்று நெடுங்கடற் பயணம் செய்து நம் சென்னை மாநகரை அடைந்து, இக்காலத்து ஜார்ஜ் டவுன் பகுதியில் பள்ளி தொடங்கிற்று. 1909-ல் சர்ச் பார்க் எனப் பெயர்பெற்ற பள்ளியும் அவர்களால் நிறுவப்பெற்றது. உலகின் எப்பகுதியிலாயினும் தம்மால் ஆன்மாக்களுக்கு நன்மை உண்டாகுமாயின் மனமுவந்து உழைக்கத் தாம் ஆயத்தமென்று அம்மையார் எழுதியதுண்டு. கார்க் நகரின் ஒரு சந்தைவிட்டு அதிகம் அகலாத அவருடைய விருப்பத்தை, அவருடைய மாணவியரின் மாணவியர் நிறைவேற்றினர். 2013-ம் வருஷம் பிரான்சிஸ் பாப்பரசர் அவரை வணக்கத்துக்குரியவரென அறிவித்தார்.

அன்புள்ள சகோதரிகாள்! இச்சரித்திரத்தினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? நம்முள் எவரும் பாடஞ் சொல்லியதற்காகச் சிறை செல்லப்போவதில்லை. நம் புத்தகங்களை ஒளித்துவைக்க வேண்டுவதுமில்லை. ஆனால் நம் வகுப்பிலே பாடம் விளங்காது மௌனமாயிருக்கும் ஒருத்தி உண்டு; நம் விடுதியில் வேலை செய்யும் அம்மையின் மகள் எழுத்தறியாதிருத்தல் கூடும்; நம் தெருக்கோடியில் பள்ளியை விட்டு நின்றுவிட்ட சிறுமி ஒருத்தி இருத்தல் கூடும். முப்பது பிள்ளைகளோடு தொடங்கிய கோவ் லேன் பள்ளி நமக்குக் கற்பிப்பது, பெருங்காரியத்துக்குக் காத்திராமல் அருகிலிருப்பவளிடம் தொடங்குக என்பதே. நாம் பெறும் பரிசில்கள் கண்ணாடிப் பேழையில் இருக்கட்டும்; நாம் கற்ற எழுத்து மற்றொருத்தியின் கையில் இருக்கட்டும். நானோ நேகிள் அம்மையார் தம் பள்ளிகளில் மதித்த வெற்றி அதுவே; நம் கலாசாலையின் பெருமையும் அதுவே ஆகுக.